கார்ப்பெட் கழுவும் மெஷின்: அலர்ஜிக்காக வாங்கலாமா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார்ப்பெட் கழுவும் மெஷினுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களில் பலர் அதற்கென்று ஓர் அறையை ஒதுக்குகிறார்கள். ஏசி பொருத்துகிறார்கள். ஜன்னலை இறுக்க மூடி விடுகிறார்கள். வசதி இருந்தால் தரையில் சுவருக்குச் சுவர் கார்ப்பெட்டும் போட்டு விடுகிறார்கள். ஒரு காலத்தில் வங்கிகளிலும் கல்லூரிகளிலும் கம்ப்யூட்டர் அறை என்றால் இப்படித்தான் இருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றி விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த வழக்கத்தின் மிச்சம் இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குத் தூசு ஆகாது என்று இவ்வளவும் செய்கிறோம். அதே அறையில் தினமும் பல மணி நேரம் உட்கார்ந்து, இரவில் அங்கேயே படுத்தும் தூங்கும் பையனுக்கு இந்த ஏற்பாடு ஆகுமா என்று யோசிப்பவர்கள் குறைவு.

அந்தப் பையனுக்குத் தூசு அலர்ஜி இருந்தால்? காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல். இரவில் இருமல். மழைக் காலத்தில் வீசிங். அப்போதுதான் கார்ப்பெட் மீது சந்தேகம் வருகிறது. கார்ப்பெட் கழுவும் மெஷின் வாங்கினால் சரியாகி விடுமா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. சென்னையில் இருக்கும் என் அக்கா இந்தக் கேள்வியோடுதான் போன் செய்தார். "ஏண்டா, நீ கம்ப்யூட்டர் இன்ஜினியர் தானே? இது நல்ல மெஷின் தானான்னு கொஞ்சம் வந்து பார்த்துச் சொல்லேன். இந்த வாரம் வாங்கினா ஆபர் இருக்காம்."

சாப்ட்வேர் எழுதுபவனுக்கும் கார்ப்பெட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஒரு பொருள் சொன்ன வேலையைச் செய்கிறதா என்று டெஸ்ட் செய்து பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. அந்தக் கண்ணோடுதான் போனேன்.

டெமோ என்ன காட்டுகிறது?

விற்பனைப் பிரதிநிதி சனிக்கிழமை காலை வந்தார். இளைஞர். மரியாதையாகப் பேசினார். மெஷினில் இரண்டு டேங்குகள். ஒன்றில் நல்ல தண்ணீரையும் ஷாம்புவையும் ஊற்றினார். மெஷின் அதைக் கார்ப்பெட்டின் மேல் பீய்ச்சி, பிரஷ்ஷால் தேய்த்து, உடனே உறிஞ்சி இரண்டாவது டேங்கில் சேர்த்தது. ஐந்தே நிமிடத்தில் அந்த டேங்க் டிக்காஷன் நிறத்துக்கு மாறியது. பிறகு காய்ந்த முனையைப் பொருத்தி மெத்தையின் மேல் இழுத்தார். பில்டர் துணியில் சாம்பல் நிறத்தில் பொடி படிந்தது. அடுத்து லேப்டாப்பைத் திறந்து, மைக்ராஸ்கோப்பில் எடுத்த தூசிப் பூச்சியின் படத்தைத் திரை முழுக்கக் காட்டினார். எட்டுக் கால், முகமே இல்லாத உடம்பு. "இது மேலதான் மேடம் உங்க பையன் தினமும் படுக்கிறான்" என்றார். அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று சொன்னார். "மூணு மாசம் யூஸ் பண்ணுங்க மேடம். அப்புறம் இன்ஹேலரே தேவைப்படாது."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

உங்கள் கம்ப்யூட்டரில் இணைய இணைப்பு கொடுத்த சில நாட்களிலேயே நீங்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். இலவசமாக டவுன்லோட் ஆகும் ஒரு புரோகிராம், உங்கள் ஹார்ட் டிஸ்க்கை ஸ்கேன் செய்வதாகச் சொல்லும். இரண்டு நிமிடத்தில் சிவப்பு எழுத்தில் "1,374 கோளாறுகள் உள்ளன" என்று காட்டும். சரி செய்ய வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். அந்த 1,374-ல் பெரும்பாலானவை பிரவுசர் விட்டுச் சென்ற தற்காலிக பைல்களாக இருக்கும். அவற்றை அழித்தாலும் கம்ப்யூட்டரின் வேகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. எண் பொய் இல்லை. அந்த எண்ணுக்கும் உங்கள் பிரச்சினைக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டுவதுதான் பொய்.

டிக்காஷன் நிறத் தண்ணீரும் அதே கதைதான். மனிதர்கள் நடமாடும் எந்த வீட்டுக் கார்ப்பெட்டைக் கழுவினாலும் தண்ணீர் கறுக்கும். அலர்ஜியே இல்லாத வீட்டிலும் கறுக்கும். கார்ப்பெட்டில் அழுக்கு இருந்தது, அதில் கொஞ்சம் வெளியே வந்தது என்ற இரண்டு செய்திகளைத்தான் அது சொல்கிறது. உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பையன் இன்றிரவு இருமாமல் தூங்குவானா என்பதை அது சொல்வதில்லை. நமக்குத் தேவை அந்தக் கடைசித் தகவல் மட்டும்தான்.

எதிரி யார்?

எதைப் பிடிக்கப் போகிறோம் என்று தெரியாமல் மெஷினை மதிப்பிட முடியாது. வீட்டுத் தூசு அலர்ஜியில் பெரும் பங்கு டஸ்ட் மைட் எனப்படும் தூசிப் பூச்சிக்கு உண்டு என்பதை 1960-களில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நீளம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்கள்தான் அதன் சாப்பாடு. அது கடிப்பதில்லை. அதன் கழிவில் உள்ள புரதம்தான் மூக்கையும் மூச்சுக் குழாயையும் தொந்தரவு செய்கிறது. ஒரு கழிவு உருண்டையின் அளவு சுமார் 20 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக் கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் காய்ந்து செத்து விடும். சென்னையில் ஆண்டின் பெரும் பகுதி ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல்தான். அதாவது நம் ஊர் அதற்கு மாமியார் வீடு மாதிரி.

இப்போது மெஷினுக்கு வருவோம். நியாயமாகச் சொல்வதானால், கழுவும் மெஷினுக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. அந்தப் புரதம் தண்ணீரில் கரையக் கூடியது. எனவே தண்ணீரால் அலசி உறிஞ்சும்போது ஒரு பகுதி வெளியே வரத்தான் செய்யும். ஆனால் உயிரோடு இருக்கும் பூச்சிகள் கார்ப்பெட் இழைகளைக் கால்களால் இறுகப் பற்றிக் கொள்கின்றன. உறிஞ்சுவதால் மட்டும் அவை எல்லாம் வந்து விடாது. அவற்றைக் கொல்ல 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். "ஸ்டீம் கிளீனிங்" என்று விளம்பரம் செய்தாலும், இந்த வகை வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவை நீராவியை விடுவதில்லை; நாம் ஊற்றும் வெந்நீரைத்தான் பீய்ச்சுகின்றன. கொதிநீர் ஊற்றக் கூடாது என்று மேனுவலில் போட்டிருக்கும். டேங்க் பிளாஸ்டிக் ஆயிற்றே. பீய்ச்சிய வெந்நீர் கார்ப்பெட்டின் அடிவரை போவதற்குள் இன்னும் ஆறி விடும்.

உள்ளே தங்கும் ஈரம்தான் பெரிய சிக்கல். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, நனைந்த கார்ப்பெட்டை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தி விட வேண்டும், இல்லையேல் பூஞ்சை பிடிக்கும் என்று சொல்கிறது. நவம்பர் மாதச் சென்னையில், ஜன்னல் திறக்க முடியாத அறையில், 48 மணி நேரத்துக்குள் கார்ப்பெட்டின் அடிவரை உலருமா? அடியில் ஈரம் நின்றால் பூஞ்சைக்கும் கொண்டாட்டம், தப்பிப் பிழைத்த பூச்சிக்கும் கொண்டாட்டம். தூசுக்குப் பயந்து பூஞ்சையை வரவழைத்த கதை ஆகி விடும். பூஞ்சைக்கும் அலர்ஜி உண்டு.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். விற்பனைப் பிரதிநிதியிடம் இதைத்தான் கேட்டேன். அளவு போட்ட பாத்திரத்தில் நான்கு லிட்டர் தண்ணீர் எடுத்து நல்ல தண்ணீர் டேங்கில் ஊற்றுங்கள். அது முழுவதும் தீரும் வரை ஓட்டுங்கள். பிறகு அழுக்கு டேங்கில் சேர்ந்ததை அதே பாத்திரத்தால் அளந்து பாருங்கள். குறைவது எவ்வளவோ அவ்வளவும் உங்கள் கார்ப்பெட்டுக்குள் இருக்கிறது. மெஷினின் தரத்தைச் சொல்லும் எண் தண்ணீரின் நிறம் அல்ல, இந்த வித்தியாசம்தான். அவர் சிரித்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்" என்றார். அளக்கத் தயங்கவில்லை, பாராட்ட வேண்டும். நான்கு லிட்டரில் மூன்றேகால் லிட்டர் திரும்பி வந்தது. முக்கால் லிட்டர் கார்ப்பெட்டில்.

வாட் கணக்கு

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் வாட் போட்டிருப்பார்கள். 1600 வாட், 2000 வாட். மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதற்கான கணக்கு அது. எவ்வளவு காற்றை உறிஞ்சுகிறது என்பதற்கு அல்ல. கம்ப்யூட்டரில் ஜிகாஹெர்ட்ஸ் பார்த்து வாங்கிய காலம் நினைவிருக்கும் மூத்த வாசகர்களுக்கு இது புரியும். 2006-ல் வந்த இன்டெல் கோர் 2 டியோ பிராசசரின் ஜிகாஹெர்ட்ஸ், அதற்கு முந்தைய பென்டியம் 4-ஐ விடக் குறைவு. வேகமோ அதிகம். வாக்குவம் கிளீனரிலும் அதேதான். ஐரோப்பிய யூனியன் 2014 செப்டம்பரில் வீட்டு வாக்குவம் கிளீனர்களுக்கு 1600 வாட் உச்சவரம்பு விதித்தது. 2017 செப்டம்பரில் அதை 900 வாட் ஆகக் குறைத்தது. அதற்காக ஐரோப்பியர்கள் வீட்டைப் பெருக்காமல் விட்டு விடவில்லை.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. அந்த மெஷின்களுக்கு ஏ, பி, சி என்று தரம் போட்டு லேபிள் ஒட்டினார்கள். டெஸ்ட் செய்தபோது தூசுப் பை காலியாக இருந்தது. தூசு நிறைய நிறைய உறிஞ்சும் திறன் மாறும், காலிப் பையோடு டெஸ்ட் செய்தால் வீட்டில் நடப்பது தெரியாது என்று டைசன் நிறுவனம் வழக்குப் போட்டது. 2018 நவம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அந்த லேபிள் விதியை ரத்து செய்தது. டெஸ்ட்டிங் துறையில் இருப்பவர்கள் சட்டம் போட்டு வைத்துக் கொள்ள வேண்டிய தீர்ப்பு.

பில்டர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. ஹெப்பா பில்டர் என்றால் அதற்கு வரையறை உண்டு. 1940-களில் அணுகுண்டுத் திட்டத்தின்போது கதிரியக்கத் துகள்களைப் பிடிக்க உருவாக்கப்பட்டது. அமெரிக்க அளவுப்படி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்க வேண்டும். "ஹெப்பா வகை", "ஹெப்பா போன்ற" என்று அச்சிட்டிருந்தால் அந்த வாக்குறுதி எதுவும் இல்லை என்று பொருள். பில்டர் உண்மையானதாக இருந்தாலும், அதைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு தளர்ந்திருந்தால் காற்று பில்டரைச் சுற்றிக் கொண்டு வெளியேறி விடும். அறையை இருட்டாக்கி, மெஷினை ஓட விட்டு, காற்று வெளியேறும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். தூசு பறப்பது கண்ணுக்குத் தெரிந்தால் அந்த மெஷின் அலர்ஜிக்காரர் வீட்டுக்கு லாயக்கில்லை. தெரியவில்லை என்பதற்காகச் சான்றிதழும் கொடுத்து விடாதீர்கள். நுண்ணிய தூசு கண்ணுக்குத் தெரியாது.

வாக்குவம் கிளீனரின் வரலாற்றிலேயே அலர்ஜிக்கு ஓர் இடம் உண்டு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊரில், ஒரு கடையில் துப்புரவுப் பணியாளராக இருந்தவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர். அவருக்கு ஆஸ்துமா. தான் தள்ளும் கார்ப்பெட் பிரஷ் கிளப்பும் தூசுதான் காரணமோ என்று சந்தேகப்பட்டார். ஒரு மின்விசிறி மோட்டார், துடைப்பக் கழி, தூசு சேர ஒரு தலையணை உறை. இவற்றைச் சேர்த்து அவர் செய்த மெஷினுக்கு 1908-ல் காப்புரிமை கிடைத்தது. அதை ஹூவர் குடும்பம் வாங்கியது. மற்றது எல்லோருக்கும் தெரியும். பெருக்கும்போது தூசு கிளம்பக் கூடாது என்பதுதான் ஸ்பாங்ளரின் தேவை. அக்கா வீட்டில் நாம் என்ன கேட்க வேண்டும் என்பதை 100 ஆண்டுகளுக்கு முன்பே அவர் சரியாக எழுதி வைத்து விட்டார்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

மெஷின் வாங்குபவர்களைச் சோர்வடையச் செய்யும் தகவல் இது. 2003-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின் இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ஆஸ்துமா உள்ள 1,122 பெரியவர்களில் பாதிப் பேருக்குத் தூசிப் பூச்சி நுழைய முடியாத மெத்தை உறை, மீதிப் பேருக்குச் சாதாரண உறை. உறையை மட்டும் மாற்றியதால் நோயில் குறிப்பிடும்படியான பலன் எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு, 2004-ல், அதே இதழில் இன்னோர் ஆய்வு. அமெரிக்காவின் ஏழு நகரங்களைச் சேர்ந்த 937 குழந்தைகள். இவர்களுக்கு முதலில் எதற்கு அலர்ஜி என்று தோலில் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு அதற்கேற்ப மெத்தை உறை, ஹெப்பா வாக்குவம் கிளீனர், காற்றுச் சுத்திகரிப்பான், கரப்பான் பூச்சி ஒழிப்பு, வீட்டில் சிகரெட் கூடாது என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தார்கள். பலன் கிடைத்தது. எவ்வளவு? இரண்டு வாரத்தில் மூச்சுத் தொந்தரவு இருந்த நாட்கள் ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவாகக் குறைந்தன.

இத்தனையும் சேர்த்துச் செய்தே பதினான்கு நாளில் ஒரு நாள்! ஒரு குழந்தைக்கு அந்த ஒரு நாளும் பெரிய விஷயம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒற்றை மெஷினைக் காட்டி, மூன்று மாதத்தில் இன்ஹேலர் தேவைப்படாது என்று ஒருவர் சொல்கிறாரே, அதை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பேச்சை நம்பி ஒரு தாய் தடுப்பு இன்ஹேலரை நிறுத்தி விட்டால் என்ன ஆகும்? பையன் நன்றாக இருப்பதே அதை தினமும் எடுப்பதால்தான் என்று இருக்கலாம். நிறுத்திய சில வாரங்களில் நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும். மெஷின் விற்பவர் மருந்தைப் பற்றி வாயைத் திறந்தால், அந்த இடத்திலேயே வியாபாரத்தை முடித்துக் கொள்ளுங்கள்.

எக்செல்லில் ஒரு பட்டியல்

சரி, பிறகு எதை வைத்துத்தான் மதிப்பிடுவது? உங்கள் கம்ப்யூட்டருக்கு இங்கேதான் வேலை. எக்செல் இருந்தால் அதில், இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு புதிய ஷீட் திறந்து கொள்ளுங்கள். முதல் காலத்தில் தேதி. அடுத்து இரவு இருமல்: இல்லை என்றால் 0, லேசாக என்றால் 1, தூக்கம் கலைந்தால் 2. பிறகு காலைத் தும்மல், அதே அளவில். பிறகு அவசர இன்ஹேலர் எத்தனை முறை. டாக்டர் பீக் ப்ளோ மீட்டர் வாங்கச் சொல்லியிருந்தால் அந்த அளவுக்கு ஒரு காலம். கடைசியில் குறிப்பு: மழை, விருந்தாளி, பட்டாசு, கார்ப்பெட் கழுவியது என்று எதுவானாலும்.

தினமும் காலையில் ஒரு நிமிட வேலை. இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். மூன்று வாரம் எழுதுங்கள். 'கவுன்ட்இப்' பங்ஷனைப் போட்டால் இருமல் இரவுகள் எத்தனை என்று அதுவே எண்ணிக் கொடுக்கும். ஒரே நேரத்தில் மெஷினும் வாங்கி, மெத்தையும் மாற்றி, நாயையும் ஊருக்கு அனுப்பி விட்டால் எதனால் குணமானது என்று கடைசி வரை தெரியாது. புரோகிராமில் பிழை தேடும்போது நாங்கள் ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் மாற்றுவோம்.

அக்காவுக்கு மெஷின் வாங்கும் அவசரம் இருந்தது. நான் சொன்னது இது: சோபா, கார்ப்பெட் கழுவித் தருபவர்கள் இதே வகை மெஷினோடு வீட்டுக்கே வருகிறார்கள். ஒரு முறை கூலி கொடுத்துக் கழுவிப் பார்ப்போம். பட்டியல் என்ன சொல்கிறதோ அதன்படி செய்வோம். ஆபர் போனால் அடுத்த மாதம் இன்னோர் ஆபர் வரும்.

கழுவுவதற்கு முந்தைய 14 இரவுகளில் ஆறில் இருமல். கழுவிய பிறகு முதல் நான்கு இரவுகளில் ஒரு முறை கூட இல்லை. மாமா அப்போதே மெஷினை ஆர்டர் செய்யக் கிளம்பி விட்டார். இரண்டாவது வாரத்தில் இரண்டு இரவு. மூன்றாவது வாரத்தில் மூன்று இரவு. அதாவது பழைய நிலை.

அந்த நான்கு இரவுகளின் ரகசியத்தைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அக்கா. ஷீட்டில் தானாகவே ஒரு காலம் சேர்த்திருந்தார். தலைப்பு: "எங்கே படுத்தான்". கார்ப்பெட் ஈரமாக இருந்ததால் அந்த நான்கு நாளும் பையன் ஹாலில் பாய் போட்டுப் படுத்திருக்கிறான். முந்தைய இரண்டு வாரத்தில் மூன்று நாள் தாம்பரத்தில் பாட்டி வீட்டில் படுத்திருக்கிறான். அங்கேயும் இருமல் இல்லை. பட்டியலில் இருந்த இருமல் இரவு ஒவ்வொன்றும் அந்த ஒரு அறையில்தான். எனக்கு மாதச் சம்பளம் கொடுத்து இந்த வேலையைச் செய்ய வைக்கிறார்கள். கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு மாதம் கூட ஆகாத அக்கா ஒரே காலத்தில் முடித்து விட்டார்.

பிறகு மூன்று வாரம் பையனை மொசைக் தரை உள்ள இன்னோர் அறையில் படுக்க வைத்தோம். ஒரே ஓர் இரவு இருமல். கார்ப்பெட்தான் குற்றவாளி என்று இதனால் நிரூபணம் ஆகி விட்டதா? இல்லை. அறை மாறினால் மெத்தையும் மாறும், தலையணையும் மாறும். ஒரு பையன், சில வாரங்கள். ஆனால் முடிவெடுக்க இது போதும். கார்ப்பெட்டை எடுத்து விட ஆட்களை வைத்தார்கள். அரை நாள் வேலை. ஏசி பெட்டிக்கு நேர் கீழே, கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்த பஞ்சு விரிப்பில் இரண்டு முழ நீளத்துக்குக் கறுப்புப் பூஞ்சை. எந்த மெஷின் மேலிருந்து எத்தனை முறை கழுவியிருந்தாலும் அது வெளியே வந்திருக்காது. இப்போது அடியில் இருந்த மொசைக் தரையைத் தினமும் ஈரத் துணியால் துடைக்கிறார்கள். மருந்து தொடர்கிறது. குறைக்கலாமா என்பதை அடுத்த முறை டாக்டர் அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்வார்.

யார் வாங்கலாம்?

எனவே என் கருத்து இதுதான். தரையில் ஒட்டாத, சுருட்டக் கூடிய கார்ப்பெட் என்றால் மெஷினே வேண்டாம். நல்ல வெயில் நாளில் மொட்டை மாடிக்குக் கொண்டு போய், சுடும் தரையில் முகம் கீழே இருக்கும்படி விரித்துப் போடுங்கள். ஆஸ்திரேலியாவில் 1990-களில் செய்த ஒரு சோதனையில், நேரடி வெயிலில் போட்ட கார்ப்பெட்டில் இருந்த பூச்சிகள் செத்து விட்டன. செத்த பூச்சியும் அதன் கழிவும் உள்ளேயே இருக்கும் என்பதால் பிறகு நன்றாகத் தட்டி எடுக்க வேண்டும். தட்டுபவர் அலர்ஜிக்காரராக இருக்கக் கூடாது. நம் பாட்டிமார்கள் மெத்தையை வெயிலில் போட்டது சும்மா இல்லை.

சுவருக்குச் சுவர் ஒட்டிய கார்ப்பெட்டும் சொந்த வீடும் என்றால், மெஷின் விலையை எடுக்கும் கூலியோடு ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் வாடகைக் குடியிருப்பில் இருக்கும் என் நண்பர்களுக்கு அந்த வசதி கிடையாது. கார்ப்பெட் வீட்டுக்காரருடையது. அவர்கள் மெஷினை வாங்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. அங்கே சூப்பர் மார்க்கெட்டிலேயே நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. வாங்குவதானால் தண்ணீர் அளந்து பார்த்து, ஷாம்புவில் வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்கட்டும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டிருப்பதால் அவர்களுக்குச் சீக்கிரம் உலரும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எதை வாங்குவதற்கு முன்பும் டாக்டரிடம் சொல்லி, உண்மையில் எதற்கு அலர்ஜி என்று தோல் சோதனையோ ரத்தச் சோதனையோ செய்து கொள்ளுங்கள். கரப்பானுக்கு அலர்ஜி உள்ளவர் கார்ப்பெட்டைக் கழுவிக் கொண்டிருப்பதில் பயனில்லை. தூசிப் பூச்சிதான் என்று தெரிந்தால், தலையணை உறையையும் படுக்கை விரிப்பையும் வாரம் ஒரு முறை வாஷிங் மெஷினில் 60 டிகிரியில் துவையுங்கள். முகம் எட்டு மணி நேரம் புதைந்திருக்கும் இடம் அதுதான்.

கார்ப்பெட்டைப் பற்றியே பேசிக் கொண்டிருந்ததில் அந்த அறையின் இன்னொரு தூசுக் கிடங்கை மறந்து விடக் கூடாது. கம்ப்யூட்டர் கேபினெட்டின் பேன், அறைத் தூசை நாள் முழுவதும் உள்ளே இழுத்துச் சேர்த்து வைக்கிறது. அலர்ஜிக்காரர் இருக்கும் அறையில் அதைத் திறந்து ஊதவே ஊதாதீர்கள். பவர் கேபிளைக் கழற்றி, கேபினெட்டைப் பால்கனிக்கு எடுத்துச் செல்லுங்கள். மாஸ்க் அணிந்து கொள்ளுங்கள். பேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக் கொண்டு ஊதுங்கள், இல்லாவிட்டால் அது அளவுக்கு மீறிச் சுழன்று கெட்டு விடும். முன்பக்கம் தூசு வலை இருந்தால் கழற்றித் தண்ணீரில் அலசி, ஒரு நாள் முழுக்க நிழலில் உலர விட்டுப் பிறகு மாட்டுங்கள். ஏசியின் வலைக்கும் இதே முறைதான்.